உப்புப் பூத்த சுவிட்ச்

குளிர் லொறி வரும் சத்தம் வேறு, அதன் பெட்டிக்குக் கீழே தொங்கும் குளிர் மிசின் ஓடும் சத்தம் வேறு. இரண்டும் சேர்ந்து வந்தால் லொறி நிற்காமல் போய்விடும். லொறிச் சத்தம் மட்டும் வந்தால் நிற்கும். காட்டுக்குள் தனியாக இருக்கிறவனுக்கு இந்த வித்தியாசம் அரை மைல் தூரத்திலேயே பிடிபட்டுவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை, மத்தியானம் திரும்பிய நேரம், யோகநாதன் ஒரு உழவு மிசினுக்கு அடியில் படுத்திருந்தான். ஒட்டுசுட்டான் பக்கமிருந்து லொறி வந்தது. கையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டான். லொறி மட்டும்தான். அவனுக்கு வந்த சந்தோசத்தில் பிடித்திருந்த ஸ்பனர் நழுவி நெஞ்சில் விழுந்தது.

அடுத்தவனுடைய லொறி பழுதாகி வந்தால் சந்தோசப்படுகிற மெக்கானிக்மார் நிறையப் பேர் இருக்கலாம். யோகநாதனின் சந்தோசம் அந்த வகை இல்லை.

அவன் கரவெட்டிக்காரன். கொழும்பில் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் வேலை பழகினான். கலவர வருசத்தில், உடுத்த உடுப்போடு கப்பலேறி ஊருக்கு வந்து சேர்ந்தான். ஊரில் தமையன் வீடு தமையனின் பிள்ளைகளுக்கே காணாது. காடு வெட்டிக் குடியேற்றம் நடக்கிறது, உழவு மிசின் திருத்த ஆளில்லை என்று யாரோ சொல்ல, முல்லைத்தீவு ரோட்டில், மாங்குளத்துக்குச் சில மைல் முன்னால் ஒரு தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்துவிட்டான். தொழிலுக்குக் குறைவில்லை. உழவு மிசின்காரர் வருவார்கள், "கெதியாச் செய்யும் தம்பி" என்பார்கள், போய்விடுவார்கள். மரம் ஏற்றுகிறவர்கள் ரயருக்குக் காற்றடித்துக்கொண்டு போவார்கள். பொழுது சாயும்போது எல்லாரும் தங்கள் தங்கள் விளக்கு வெளிச்சத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அவன் தன் விளக்கைத் தானே கொளுத்திக்கொள்வான். சில நாட்களில், படுக்கப் போகும்போதுதான், இன்று வாய் திறந்து பத்துச் சொல் பேசியிருப்பேனா என்று யோசித்துப் பார்ப்பான்.

குளிர் லொறி முல்லைத்தீவு ஹமீட் முதலாளியுடையது. நாயாற்றில் மீனும் இறாலும் ஏற்றிக் கொழும்புக்குப் போவது. முன்னர் ஐஸும் மரத்தூளும் போட்டுத்தான் அனுப்பினார். பாதி மீன் வழியிலேயே நாறிப்போகிறது என்று, கொழும்பில் யாரோ கழித்துவிட்ட இந்த லொறியை வாங்கினார். தக்கை வைத்து அடைத்த பெட்டி. கீழே சின்னப் பெற்றோல் எஞ்சினோடு குளிர் மிசின். அந்த மிசினில், நெருப்புப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பிரெஷர் சுவிட்ச். குழாய்க்குள் காஸின் அமுக்கம் அளவோடு இருக்கும்வரை அது எஞ்சினை ஓடவிடும். கூடினாலும் குறைந்தாலும் கரண்டை வெட்டி நிறுத்திவிடும். அமுக்கம் சரியாக இருக்கும்போதே சுவிட்ச் பழுதாகிப்போனாலும் எஞ்சின் நின்றுவிடும். இந்த லொறியில் அதுதான் திரும்பத் திரும்ப நடந்தது. ஒட்டுசுட்டான் தாண்டிக் குண்டும் குழியுமான இடத்தில் குலுங்கினவுடன் மிசின் மூச்சை நிறுத்திவிடும்.

சுவிட்ச் மாற்ற அதிக நேரம் தேவையில்லை. ஆனால் மாற்றிய பிறகு பெட்டி பழையபடி குளிர் பிடிக்கும்வரை லொறியை எடுக்கக் கூடாது என்று யோகநாதன் சொல்லியிருந்தான். சொன்னது சரிதான். எவ்வளவு நேரம் என்பதில்தான் அவன் கொஞ்சம் தாராளம். அந்த நேரத்தில் ஓட்டுநர் வீரகத்தி அவனோடு இருந்து சோறு தின்பார்.

முள்ளியவளைக்காரரான வீரகத்திக்கு வாய் ஓயாது. வழியில் கண்ட யானை, கொழும்பு மீன் சந்தையில் நடந்த அடிபிடி, மருமகனின் சோம்பல், எல்லாம் வரும்.

"வயரை நேரா முடிஞ்சு விட்டால் என்ன தம்பி? சுவிட்ச் ஒண்டு கட்டாயம் வேணுமோ?" என்று ஒருமுறை கேட்டார்.

"அமுக்கம் கூடினால் குழாய் வெடிக்கும் அண்ணை."

"வெடிச்சால் மீன் பொரிஞ்ச மீனாப் போய் இறங்கும். கொழும்பான் கூடக் காசு தருவான்." பிறகு குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "இதைக் குழாய்க்குள்ள விட்டாலும் வெடிக்கும்," என்றார்.

யோகநாதன் அன்று சிரித்த சிரிப்புக்குத் தொண்டை நொந்தது. மாங்குளம் கடையில் இன்னொரு சோற்றுக் கோப்பை வாங்கி வைத்தான். கிணற்றடிக்குக் கரடி வந்தாலோ, வேலைக்கு வந்தவன் யாராவது பகிடியாக ஏதும் சொன்னாலோ, "இதை வீரகத்தி அண்ணைக்குச் சொல்லவேணும்" என்று மனதில் முடிந்துவைப்பான். சொல்ல வேண்டியது சேர்ந்துகொண்டே போகும். லொறி இரண்டு சத்தத்தோடும் கடந்துபோகிற நாளில் அவ்வளவும் அப்படியே மிஞ்சிக் கிடக்கும்.

போன முறை கழற்றிய பழைய சுவிட்சை, வீரகத்தி போன பிறகு, அவன் பிரித்துப் பார்த்தான். உள்ளே கரண்ட் தொடுகிற இடம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. அது எப்படி உள்ளே போனது என்று அவனுக்குத் தெரியவில்லை. மீன் பெட்டியிலிருந்து வடிகிறதோ, கடற்காற்றோ. ஆனால் பழைய ரியூப் ஒன்றில் துண்டு வெட்டிச் சுவிட்சைப் போர்த்துக் கட்டினால் இனி உள்ளே போகாது என்று தெரியும். ரியூப் கொட்டிலிலேயே கிடந்தது. அடுத்த முறை லொறி கொட்டிலடியால் போனபோது கையைக் காட்டி நிறுத்தி, அரை மணித்தியாலத்தில் அந்த வேலையை முடித்திருக்கலாம்.

அவன் கையைக் காட்டவில்லை. லொறி போனது. பழுதாகும்வரை பார்த்துக்கொண்டு இருந்தான். இப்போது பழுதாகி வருகிறது.

லொறி மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது.

"என்ன அண்ணை, திரும்பவும் கோவிச்சுக்கொண்டு நிண்டிட்டாவோ?" என்று கேட்டுக்கொண்டு யோகநாதன் கையைத் துடைத்தான்.

வீரகத்தி சிரிக்கவில்லை. கண்ணால் மற்றப் பக்கத்தைக் காட்டினார். அந்தப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஹமீட் முதலாளி இறங்கினார். ஜும்மாத் தொழுகைக்கு உடுத்த வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண்.

"தம்பி, மூண்டு சுவிட்ச் மாத்தியாச்சு," என்றார். "நீரும் மாத்துறீர், அதுவும் போகுது. சுவிட்ச் பிழையோ, மிசின் பிழையோ, இல்லாட்டி ஓட்டுறவன்ர பிழையோ?"

"நான் லொறியைத்தான் முதலாளி ஓட்டுறன். மிசின் தன்ர பாட்டில ஓடுது," என்றார் வீரகத்தி.

"தன்ர பாட்டில ஓடினால் நான் ஏன் இவ்வளவு தூரம் குலுங்கிக்கொண்டு வாறன்?" முதலாளி கிணற்றடி மர நிழலுக்கு நகர்ந்தார். "கேளும் தம்பி. இனி ஒருக்கா இது நிண்டுதெண்டால் மிசினைக் கழட்டி வித்துப்போட்டு நான் பழையபடி ஐஸுக்குப் போறன். ஐஸ் லொறி ஓட்ட என்ர மச்சான்ர மகன் மஸாஹிர் இருக்கிறான், வீட்டில திண்டு திண்டு படுக்கிறான். வீரகத்தி போய் வயலைப் பாக்கட்டும்."

"வயலோ," என்றார் வீரகத்தி, மெதுவாக. "இருந்த துண்டையும் மூத்தவளுக்குச் சீதனமாக் குடுத்திட்டனே."

முதலாளி சட்டையில் பட்டிருந்த மண்ணைத் தட்டினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மீன் நாறுவதைப் பார்த்துக் களைத்துப்போன மனிதர்.

யோகநாதன் சாக்கை விரித்து லொறிக்கு அடியில் சரிந்தான். வீரகத்தி லொறியை விட்டு இறக்கப்பட்டால் அது உப்பால் இல்லை, தன்னால்தான் என்று அவனுக்குத் தெரிந்தது. உப்பு வந்த வழியை இன்றைக்குக் கண்டுபிடித்து அடைத்துவிட வேண்டும். அடைத்துவிட்டால் இந்த லொறி இனி நிற்காது. அதுவும் தெரிந்தது.

வால்வின் மூடியைக் கழற்றி, தண்டைத் திருகி, சுவிட்சுக்குக் காஸ் போகும் வழியை அடைத்தான். வயர் இரண்டையும் எடுத்தான். நட்டைக் கொஞ்சம் தளர்த்தினான். குழாயில் மிச்சமிருந்த காஸ் உஸ் என்று போய் அடங்கியது. சுவிட்ச் கையோடு வந்தது. அது இருந்த இடத்துக்குப் பின்னால், தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவில், ஒரு வேப்பிலை ஒட்டியிருந்தது. காற்றில் பறந்து வந்ததாக்கும் என்று நினைத்தான். ஆனால் இலையில் மஞ்சள் அரைத்த தண்ணீர் காய்ந்து கிடந்தது. தகட்டில் தெறித்த பொட்டுப் பொட்டான அடையாளங்கள். அவற்றின் ஓரமெல்லாம் வெள்ளை.

"என்ன அது கையில?" முதலாளி குனிந்து கேட்டார்.

அவருக்குப் பின்னால் வீரகத்தி நின்றார். அவருடைய முகம் போன போக்கைப் பார்த்ததும் யோகநாதனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ரோட்டுக் குப்பை, முதலாளி," என்றான். இலையைக் கைக்குள் பொத்தினான்.

அஸர் தொழுகைக்கு நேரமாயிற்று. முதலாளி கிணற்றில் தண்ணீர் அள்ளி, கை கால் முகம் கழுவி வுழூச் செய்துகொண்டு, கொட்டிலுக்குப் பின்பக்கம் துணி விரிக்கப் போனார். அவர் மறைந்ததும் வீரகத்தி சாக்கில் வந்து குந்தினார்.

"தம்பி, சொல்லிப்போடாதையும்."

"என்ன தெளிச்சனீங்கள் அண்ணை?"

"தீர்த்தம். மனிசி வியாழக்கிழமையில கடல் தண்ணி எடுத்துக்கொண்டு வற்றாப்பளைக்குப் போவா. அம்மனுக்கு முன்னால வைச்சு, மஞ்சள் கரைச்சு, போத்திலில தருவா. வெள்ளிக்கிழமை லொறி எடுக்கேக்க நான் வேப்பிலையால மிசினுக்குத் தெளிப்பன். முதலாளி சோனக ஆள், அவற்ற லொறியில நான் இதைச் செய்யிறதைக் கண்டால் என்ன நினைப்பாரோ எண்டு ஒளிச்சுத்தான் செய்யிறனான்."

"கடல் தண்ணி அண்ணை. உப்புத் தண்ணி. கரண்ட் ஓடுற சாமானுக்கு."

"வற்றாப்பளைப் பொங்கலுக்கு அம்மன்ர விளக்கே கடல் தண்ணியிலதானே எரியுது," என்றார் வீரகத்தி. "விளக்கையே எரிய வைக்கிற தண்ணி மிசினை என்ன செய்யப்போகுது எண்டு நினைச்சன். முதல் சுவிட்ச் போனாப்பிறகு இன்னும் கொஞ்சம் கூடத் தெளிச்சன்."

யோகநாதனுக்குச் சிரிப்பு வந்தது. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பான். பழைய சுவிட்சைத் திருப்பி, தட்டை நெம்பி, உள்ளே வெள்ளையாக இருந்ததைக் காட்டினான்.

"இஞ்ச பாருங்கோ. போன முறையும் இப்பிடித்தான் பூத்திருந்தது."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்தது. வீரகத்தி சுவிட்சைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"போன முறையும் கண்டனீரோ?"

"ஓம்."

"உப்பெண்டு தெரிஞ்சதோ?"

"ஓம் அண்ணை."

"பின்னை ஏன் சொல்லேல்லை?"

மேலே இலைகளுக்குள் குரங்குக் கூட்டம் ஒன்று தாவிப் போனது. யோகநாதன் நட்டைத் துடைத்தான். துடைத்ததையே திரும்பவும் துடைத்தான்.

"மாத்துக்கூலிக்கோ தம்பி?" வீரகத்தி குரலை உயர்த்தவில்லை. "ஒவ்வொரு முறையும் கழட்டிப் பூட்டக் கூலி வருமெண்டோ?"

"கூலிக்கில்லை அண்ணை."

"பின்னை?"

பதில் அவனிடம் இருந்தது. நீங்கள் வந்தால் எனக்குப் பேச ஒரு ஆள் இருக்கு, அவ்வளவுதான். ஆனால் நாற்பதை எட்டிப் பிடிக்கிற ஒரு ஆம்பிளை, கிறீஸ் பூசிய கையோடு லொறிக்கு அடியில் கிடந்துகொண்டு, இன்னொரு ஆம்பிளைக்கு இதை எப்படிச் சொல்வது? வாய் வரைக்கும் வந்தது. வாய் திறக்கவில்லை.

வீரகத்தி எழுந்து சாரத்தைத் தட்டினார். "உம்மட வீட்டில கையை நனைச்சனான்," என்றார். "என்ர வீட்டுப் பிள்ளை மாதிரி நினைச்சனான்." போய் லொறிப் படியில் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

யோகநாதன் புதுச் சுவிட்சைப் பூட்டினான். நட்டை முழுக்க இறுக்காமல் வால்வைக் கொஞ்சம் திறந்து, குழாயில் இருந்த காற்றைக் காஸால் வெளியே தள்ளிவிட்டு, பிறகு இறுக்கினான். சவுக்காரத் தண்ணீரைத் துணியில் தோய்த்து நட்டைச் சுற்றித் தடவினான். குமிழி வரவில்லை. பிறகு கொட்டிலுக்குப் போய் ரியூபை எடுத்து, கத்தரிக்கோலால் வெட்டி, சுவிட்சைச் சுற்றிப் போர்த்து, மேலும் கீழும் கம்பியால் இறுக்கிக் கட்டினான். மழையில் விட்டாலும் கடலில் விட்டாலும் ஒரு துளி உள்ளே போகாது. அவன் செய்த வேலைகளில் இதைவிடத் திறமான வேலை வேறு இல்லை.

மிசினின் கயிற்றை இழுத்தான். ஒரு இழுவையில் பிடித்துக்கொண்டது.

தொழுகை முடிந்து வந்த முதலாளி காதைச் சாய்த்துக் கேட்டார். "என்னவாம் பிழை?"

"உப்பு பட்டிருக்கு முதலாளி. மீன் லொறிதானே. இப்ப மூடிக் கட்டியிருக்கிறன்."

"இனிப் போகாதோ?"

யோகநாதன் மிச்ச ரியூபைச் சுருட்டினான். "போகாது," என்றான். "இனி இஞ்ச நிக்க வேண்டி வராது."

"அப்ப சரி. வீரகத்தி, உமக்கும் யோகம்."

குளிர் பிடிக்கும்வரை இருந்தார்கள். யோகநாதன் சோற்றுப் பானையை இறக்கினான். முதலாளி வீட்டில் தின்றுவிட்டு வந்ததாகச் சொன்னார். வீரகத்தி பசியில்லை என்றார். ஒரு இடத்திலும் உட்காராமல் லொறியைச் சுற்றி நடந்தார், ரயரைக் காலால் தட்டிப் பார்த்தார். கிணற்றடிக்கு வந்த கரடியைப் பற்றிச் சொல்லலாமா என்று யோகநாதன் நினைத்தான். யாருக்குச் சொல்வது?

புறப்படுகிற நேரம் முதலாளி ஏறப் போனவர் நின்றார். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே கையை விட்டு, மஞ்சள் தண்ணீர்ப் போத்தலை எடுத்தார்.

"வீரகத்தி, இதை இண்டைக்குத் தெளிக்கேல்லையோ?"

வீரகத்தி ரயரைத் தட்டிக்கொண்டிருந்த காலை இழுத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கபினுக்குள்ள வேப்பிலை மணக்குது. எனக்கு மூக்கில்லையெண்டு நினைச்சீரோ? அல்லாட காவலோட உம்மட அம்மன்ர காவலும் சேர்ந்து இருந்தால் என்ர இறாலுக்கு நட்டமோ?" போத்தலை அவர் கையில் வைத்தார். "தெளியும், பொழுது படப்போகுது."

வீரகத்தி போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கே தெளிப்பது என்று யோகநாதனிடம்தான் கேட்க வேண்டும். கேட்கவில்லை. யோகநாதன் தானாகவே, "முன் ரயருக்குத் தெளியுங்கோ அண்ணை. அதுக்கு ஒண்டும் செய்யாது," என்றான். அவர் தெளித்தார். ஏறினார். லொறி இரண்டு சத்தத்தோடும் மாங்குளம் பக்கம் போய் மறைந்தது. சோறு பானையோடு இருந்தது.

பிறகு வந்த வாரங்களில் லொறி போனது, வந்தது. யோகநாதன் ஒவ்வொரு முறையும் வேலையை விட்டுவிட்டுக் கேட்பான். லொறியின் உறுமலுக்குக் கீழே மிசின் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு இழுப்பு, ஒரு விக்கல் கிடையாது. வீரகத்தியின் முகம் கண்ணாடிக்குள் நேரே ரோட்டைப் பார்த்தபடி போகும். ஒரு நாள் மிசின் கொஞ்சம் பிசகினது போல இருந்தது. அவன் எழுந்தே விட்டான். அது லொறி குழியில் விழுந்து எழும்பிய சத்தம்.

பாலைப்பழம் பழுத்துக் கொட்டிய காலம். மரத்தில் ஏறுகிறவர்களும் சந்தைக்குக் கொண்டுபோகிறவர்களுமாக ரோட்டில் ஆட்கள் போய்வந்தார்கள். ஆட்கள் கூடியபோதுதான் அவனுக்கு ஆளில்லாதது இன்னும் தெரிந்தது. ஒரு பின்னேரம், வேலை இருந்தும் கை ஓடாமல், அடுப்பில் கேத்தலை வைத்தான். தண்ணீர் கொதித்தபோது ஒட்டுசுட்டான் பக்கமிருந்து லொறி வந்தது. இரண்டு சத்தமும் கேட்டது. நிற்காது.

அவன் தேத்தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு ரோட்டுக்கு நடந்தான். ரோட்டின் நடுவுக்கே போய், கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். பழுதாகாத ஒரு வாகனத்தை அவன் மறித்தது அதுதான் முதல் தடவை.

பிறேக் கிரீச்சிட்டது. வீரகத்தி தலையை வெளியே நீட்டினார். முகத்தில் பயம். முதலாளி இல்லை, அவர் மட்டும்தான்.

"என்ன பிழை? மிசின் சத்தம் மாறுதோ?"

"இல்லை அண்ணை. மிசின் நல்லாத்தான் ஓடுது."

"அப்ப ஏன் மறிச்சனீர்?"

யோகநாதனுக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "தேத்தண்ணி வைச்சிருக்கு," என்றான். "எனக்கு மட்டும் வைச்சுக் குடிக்க மனமில்லை. அண்டைக்கும் அதுதான். வேற ஒண்டுக்கும் இல்லை."

வீரகத்தி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மிசின் கீழே ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் பழம் ஏற்றி வந்த மாட்டு வண்டிக்காரன் ஒருவன் விலகச் சொல்லிக் கத்தினான். வீரகத்தி லொறியை ஓரத்துக்கு எடுத்தார். எஞ்சினை நிறுத்தவில்லை, இறங்கவும் இல்லை. கதவுக்கு மேலால் கையை மட்டும் நீட்டினார்.

யோகநாதன் ஓடிப்போய்த் தேத்தண்ணீர்ப் பேணியைக் கொண்டுவந்து கொடுத்தான். அவர் ஊதி ஊதிக் குடித்தார். அவன் கதவடியில் நின்றான். குடித்து முடித்ததும் மண்டியை ரோட்டில் ஊற்றிவிட்டுப் பேணியைத் திருப்பித் தந்தார்.

"சாயம் கூடிப்போச்சு," என்றார், கியரைப் போட்டுக்கொண்டே. "வாற வெள்ளிக்கிழமை கொஞ்சம் குறைச்சுப் போடும்."